குடியிருப்போர்: ஒருவர்

முரக்கபாத்தில் மூன்றாம் மாடி.
ஒப்பந்தப்படி இங்கே குடியிருப்பவர்
ஆ. சூசைமிக்கேல் மட்டும்.
அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
கனடா போய்விட்டார் என்பான் ஷாநவாஸ்.
கிரெடிட் கார்டுக்குப் பயந்து
ஒரே ராத்திரியில் விமானம் ஏறியவர் என்பார் நெய்னா.
எப்படியோ
அவர் பெயரில்தான் குழாயில் தண்ணீர் வந்தது,
அவர் பெயரில்தான் ஏசி இரைந்தது.
பில் கட்டப் போகிற மாதங்களில்
நானே சூசைமிக்கேல்.
ஒருமுறை கவுண்டர் பெண்
"ஹாப்பி பர்த்டே சார்" என்றாள்.
நன்றி சொன்னேன்.
திரும்பும் வழியில்
ஒரு துண்டு கேக் வாங்கித் தின்றேன்.

ஒரு ஹால், ஒரு படுக்கையறை.
ஜிப்சம் பலகை வைத்து
ஆறாக்கியிருந்தான் குருநாதன்.
வாடகை வாங்க மட்டும் வருவான்.
என்னுடையது நாலாவது.
தலைக்கு ஒரு சுவர், காலுக்கு ஒரு சுவர்.
அறுநூற்றைம்பது திர்ஹம்
தண்ணீர் கரண்ட் உட்பட,
பக்கத்துப் பலகையின் இருமல் உட்பட.
ரொம்மெல் தன் மகளுக்கு
ஃபோனில் முத்தம் கொடுத்தால்
என் கன்னத்தில் வந்து விழும்.
"அங்க இப்ப பகலா, ராத்திரியா?"
தமயந்தி எப்போதும் கேட்பாள்.
ட்யூப்லைட்டைப் பார்ப்பேன்,
பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன்.

சட்டம் தெரியாமல் இல்லை.
லிஃப்ட் பக்கத்தில் நாலு மொழியில் ஒட்டியிருந்தது:
உடன் வசிப்போரைப் பதிவு செய்க,
அனுமதியற்ற தடுப்புகள் அகற்றப்படும்.
தமிழில் இல்லையே என்று தப்பிக்க முடியாது.
ஆங்கிலத்தில் படித்தேன், தினம் இரண்டு முறை,
லிஃப்ட் வரும்வரை.
திட்டவும் மாட்டேன்.
பின்தெருவில் தீப்பிடித்த இரவில்
பலகைகளுக்கு நடுவே
வாசல் எந்தப் பக்கம் என்று தேடிய ஒருவனை
எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை.
நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தேன்.
முன்னால் நாத்தூர்,
பின்னால் முனிசிபாலிட்டிக்காரர்கள் மூன்று பேர்.
"சூசைமிக்கேல் யார்?"
அந்தப் பெயர் அவர் வாயில் மூன்றாக உடைந்தது.
தன் பகதூர் என்னைப் பார்த்தான்,
நான் நெய்னாவை, நெய்னா தரையை.
"ஒருவருக்குப் பதினோரு ஜோடிச் செருப்பா?"
குரலில் கோபமில்லை.
காலில் இடறிய ஒன்றைக் குனிந்து
அதன் ஜோடியோடு சேர்த்தும் வைத்தார்.
நோட்டீஸில் குடியிருப்பவர் கையெழுத்துக்கு
ஒரு கோடு விட்டிருந்தது.
அவர் கையெழுத்து எனக்கு அத்துபடி.
போடவில்லை.
குருநாதன் ஃபோன் அணைந்திருந்தது.

மதியத்துக்குள் கடப்பாறையோடு ஆட்கள்.
அதில் ஒருவன் தமிழ்.
"அண்ணே, பெட்டிய கொஞ்சம் நகத்திக்குங்க,
தூசி படும்."
முதல் பலகை
தொட்டதுமே விழுந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது.
ரொம்மெலின் மகள் படம், மாதா காலண்டர்,
யாரோ எழுதி அடித்த கடன் கணக்கு,
எல்லாம் நடுக்கூடத்தில்
ஒன்றையொன்று முதல்முறை பார்த்தன.
என் கட்டிலின் பின்பலகையைப் பெயர்த்தபோது
வெளிச்சம்.

ஜன்னல்.
ஆள் உயரக் கண்ணாடி, அலுமினியத் தாழ்ப்பாள்.
விளிம்பில் ஒரு தயிர் டப்பா.
அதில் மண் கல்லாகியிருந்தது, செடி நூலாகியிருந்தது.
யாரோ, ஒருவேளை அவரேதான்,
அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.
இரண்டு வருடம்
அதன்மேல் முதுகைச் சாய்த்துத்தான்
காற்றில்லை என்று புலம்பினேன்.
வெளியே ஒரு மினாரா, ஒரு கிரேன்,
இடுக்கில் கத்தி போல க்ரீக்கின் நீர்.
எதிர்மாடியில் துணி உலர்த்திய பெண்
திடீரென்று முளைத்த எங்களைப் பார்த்து
கிளிப்புகளோடு உள்ளே போனாள்.

நாளை மாலைவரை நேரம் தந்திருக்கிறார்கள்.
ரொம்மெல் சத்வாவில் படுக்கை பேசிவிட்டான்.
எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.
தமயந்தியை அழைத்தேன்.
கேட்பதற்குள் சொன்னேன், "பகல்".
ஃபோனை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"இவ்வளவு அழகான வீட்டை வச்சுக்கிட்டு
இத்தனை நாளா
ஏன் காட்டலை?" என்றாள்.